ஒரு பிரிண்ட் வர வேண்டும்

திங்கட்கிழமை காலை மாதனூரில் கம்பெனி பஸ் ஏறி உட்கார்ந்து, வீட்டில் கேஸை மூடினேனா இல்லையா என்று மூன்றாவது முறையாக யோசித்துக்கொண்டிருந்தபோது அக்பர் பாயிடமிருந்து போன் வந்தது. எங்கள் பட்டறையின் ஃபிட்டர் மேஸ்திரி அவர். "மேடம், உக்காந்துனு இருக்கீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நம்ம ஏழுமலை போய்ட்டாரு மேடம். நேத்து சாயங்காலம். மார் வலிக்குதுன்னு சொன்னாராம். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூடத் தாங்கல."

அப்போது எனக்குத் தோன்றிய முதல் எண்ணத்தை மறைத்துவிட்டு மற்றதை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஏழுமலையின் மனைவி வசந்தியின் முகமோ, பள்ளிப் படிப்பை முடித்து நிற்கும் அவர் மகளோ எனக்கு முதலில் நினைவுக்கு வரவில்லை. 'எந்தப் பிரிண்ட்?' என்றுதான் நினைத்தேன். சனிக்கிழமை மாலை நான் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன், வெளியே பஸ் ஹாரன் அடிக்கிறது, அவர் மேசையிலிருந்து தலையை நிமிர்த்தி, "மேடம், ஒரு பிரிண்ட் வரணும். திங்கக்கிழமை ஞாபகப்படுத்துங்க" என்றார். "சரி சரி" என்று சொல்லிவிட்டு ஓடினேன். எந்த டிராயிங், யாரிடமிருந்து என்று நின்று கேட்க எனக்கு அரை நிமிடம்கூட இல்லாமல் போயிற்று.

இந்த நினைவு மலரைப் படிக்கும் பலருக்கு அவரைப் பட்டறையில் தெரியும். குடியாத்தத்து உறவினர்கள் அவர் செய்த வேலையைப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்பதால் அதைச் சொல்லிவிடுகிறேன். டேனரிகளில் தோலை நீரிலும் மருந்திலும் போட்டுச் சுழற்றுகிற, ஆள் உயரத்துக்கும் மேலான மர டிரம்களை நாங்கள் செய்து பொருத்துகிறோம். அதற்கான டிராயிங்குகளை ஏழுமலை கணினியில் வரைவார், நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவேன். வாடிக்கையாளர் மனம் மாறிக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் டிராயிங்கில் ஏ, பி, சி என்று ஓர் எழுத்து ஏறும். எது மாறியது, ஏன் மாறியது, மாற்றியவர் யார் என்பதையெல்லாம் தாளின் மூலையில் உள்ள சின்ன அட்டவணையில் எழுத வேண்டும். மாறிய இடத்தைச் சுற்றி மேகம் போல ஒரு வளைகோடு போடுவோம். "இன்னா சார், இன்னிக்கு ஒரே மேகமா கீது?" என்று பட்டறையில் அவரைக் கிண்டல் செய்வார்கள்.

கணினியில் மாற்றுவது சுலபம். ஏற்கெனவே அச்சிட்டு ஆளாளுக்குக் கொடுத்த தாள்கள் அங்கங்கே கிடக்குமே, அதுதான் வம்பு. வெல்டிங் செய்கிறவர் பழைய தாளைப் பார்த்து வெட்டினால் கணினியில் இருக்கும் புதிய அளவால் யாருக்கு என்ன பயன்? அதனால் ஏழுமலைக்கு ஒரு வழக்கம் இருந்தது. பழையதைக் கையில் வாங்காமல் புதியதைக் கொடுக்க மாட்டார். வாங்கியதும் எழுத்து இருக்கும் மூலையைக் கத்தரியால் வெட்டிப் பிஸ்கட் டப்பாவில் போடுவார். மூன்று பேருக்குக் கொடுத்திருந்தால் மூன்று மூலைகளும் வந்து சேர்ந்த பிறகு அவற்றைச் சேர்த்து நூலால் கட்டுவார். அது வீட்டில் லுங்கி நெய்கிற நூல். அந்த முடிச்சும் தறிக்காரர்களின் முடிச்சுதான், இழுத்தால் அவிழாது. "கட்டுப் போட்டாத்தான் அந்த எழுத்து செத்துச்சுன்னு அர்த்தம் மேடம்" என்பார்.

நாங்கள் இருவரும் ஒரே வயது, ஒரே அறையில் பதினோரு வருடம். அவரைக் குணக்குன்று என்று எழுதினால் அவரே சிரிப்பார். வேலையில் ஆமை. மின்விசிறியை ஒன்றுக்கு மேல் வைக்க விடமாட்டார். ஊரில் உள்ள தாளையெல்லாம் திருப்பி வாங்குகிற மனிதர், என்னிடம் வாங்கிய பேனாக்களில் ஒன்றைக்கூடத் திருப்பித் தந்ததில்லை. நான் எதற்கும் பதறுகிறவள். ஒருமுறை சனிக்கிழமை மாலையில் ஒரு டிராயிங்கில் என் பிழை ஒன்றை அவர் சொல்லிவிட, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒன்பது முறை அவருக்குப் போன் செய்தேன். மதியச் சோறுகூட அவரை நிம்மதியாகச் சாப்பிட விடவில்லை. அதற்குப் பிறகு, "சனிக்கிழமைல உங்க தப்பை நான் சொல்றதா இல்ல மேடம். பேஜாரு, ரெண்டு வீட்டுக்கும்" என்று அறிவித்துவிட்டார். அப்படியே நடந்தும் கொண்டார்.

அக்பர் பாய் ஒருமுறை அரை நாள் வேலையை நிறுத்திவைத்த கதை பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். ஒரு டிராயிங்கில் எச் முடிந்து ஜே வந்தது. "நடுவுல ஐ எங்க சார்? அது வராம நான் கை வெக்க மாட்டேன்" என்று அவர் உட்கார்ந்துவிட்டார். ஐ என்ற எழுத்து, கிரீஸ் பட்ட தாளில் ஒன்று என்ற எண் போலத் தெரியும் என்பதால் டிராயிங்காரர்கள் அதைத் தாண்டிப் போவது வழக்கம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஏழுமலை சிரிக்கவில்லை. "அவரு கேட்டது சரிதான். நாமதான் சொல்லல" என்று சொல்லிவிட்டு, 'ஐ வராது. காத்திருக்க வேண்டாம்' என்று எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டினார். அது இன்றும் அங்கே இருக்கிறது.

போன மாதம் பேரணாம்பட்டுப் பக்கத்து டேனரி ஒன்றுக்கு டிரம்மைச் சுற்றிய தடுப்புக் கம்பியின் டிராயிங் வேலை வந்தது. டிரம் சுழலும்போது அதன் கதவுப் பிடிகள் வெளியே நீட்டிக்கொண்டு வரும். பக்கத்தில் நிற்பவர் அதில் மாட்டாமலிருக்கத்தான் அந்தத் தடுப்பு. பி தாளில் தடுப்புக்கும் டிரம்முக்கும் இடைவெளி நானூறு மில்லிமீட்டர். டேனரிக்காரர்கள் பெரிய கதவுப் பிடி கேட்டதும் அதைத் தொள்ளாயிரமாக்க வேண்டியிருந்தது. எனக்கு அவசரம். "நானூறை அழிச்சிட்டு தொள்ளாயிரம்னு அடிச்சுடுங்க, போதும்" என்றேன். கணினியில் கோட்டைத் தொடாமலே அதன்மேல் இருக்கும் எண்ணை மட்டும் மாற்றிவிட முடியும். அவர் மறுத்துவிட்டார். "எண்ணை மாத்தினா கோடு பொய் சொல்லும் மேடம்" என்று கோட்டையே நகர்த்தினார். நகர்த்தியதும் தடுப்பு நேராகப் போய் ஒரு தூணில் இடித்தது. நான் சொன்னபடி செய்திருந்தால் அந்தத் தூண் அங்கே போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்திருக்கும். தடுப்பின் வாசலை இடம் மாற்றி வரைந்து சி தாளை வெளியிட்டார்.

அந்தச் சி தாளின் அட்டவணையில் காரணம் என்ற கட்டத்தில் 'தூண் இருப்பதை முன்பு கவனிக்கவில்லை, எங்கள் பிழை' என்றும் எழுதினார். முதலாளி கூப்பிட்டுச் சத்தம் போட்டார். வாடிக்கையாளர் பார்க்கும் தாளில் இப்படியா எழுதுவது, 'மேம்படுத்தப்பட்டது' என்று போட்டால் என்ன என்றார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், பி தாளில் கையெழுத்துப் போட்டவள் நான் என்பதால் வாயைத் திறக்கவில்லை. ஏழுமலை மெதுவாக, "இந்தக் கட்டத்துல பொய் எழுதினா, அடுத்து வர்றவன் அதை நம்பித்தான் சார் வரைவான்" என்றார். முதலாளிக்குக் கோபம் தணியவில்லை. வார்த்தை மட்டும் அப்படியே இருந்தது.

இவ்வளவும் சொன்னது செவ்வாய்க்கிழமையைச் சொல்வதற்காக. திங்கட்கிழமை முழுவதும் குடியாத்தத்தில் சாவு வீட்டில் இருந்தோம். அவர் தெருவில் எப்போதும் காதருகே வாய் வைத்துப் பேச வேண்டும், அவ்வளவு விசைத்தறிச் சத்தம். அன்றைக்கு ஒரு தறியும் ஓடவில்லை. வசந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேலை எதுனா பாதியில வெச்சுட்டுப் போய்ட்டாரா மேடம்? சனிக்கிழமை சோறு துன்னும்போதுகூட எதையோ யோசிச்சினே இருந்தாரு" என்று கேட்டாள். "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றேன். சொன்ன நிமிடத்திலிருந்து மனிதரைப் பார்த்து அழக்கூட முடியாமல், வர வேண்டிய தாள் எது எது என்று மனத்துக்குள் டிராயிங் டிராயிங்காகப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை ஆபீசுக்குப் போனதும் அவர் மேசையில் இருந்த டப்பாவைத் திறந்தேன். உள்ளே கட்டுக் கட்டாக மூலைகள், எல்லாம் சிவப்பும் நீலமுமான நூலால் கட்டியவை. மேலே மட்டும் கட்டாமல் இரண்டு மூலைகள் கிடந்தன. பக்கத்தில் ஒரு சாண் நூல், வெட்டித் தயாராக. இரண்டு மூலையிலும் பி என்று இருந்தது, தடுப்புக் கம்பி டிராயிங். அவருடைய நோட்டை எடுத்து யார் யாருக்குப் பி கொடுத்தார் என்று பார்த்தேன். முதல் கையெழுத்து வெல்டிங் பகுதி. இரண்டாவது அக்பர் பாய். மூன்றாவது என்னுடையது. என் கையெழுத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தார்.

என் டிராயரைக் கவிழ்த்துத் தேடினேன். இல்லை. அவர் இரண்டு முறை, "உங்க பி எங்க மேடம்?" என்று கேட்டதும், "டிராயர்ல இருக்கு, அப்புறம் தர்றேன்" என்று நான் சொன்னதும் நினைவுக்கு வந்தன. அதற்குப் பிறகு வந்த ஒரு நாளும் நினைவுக்கு வந்தது. மகளின் சான்றிதழுக்காக ஏழுமலை வேலூர் கலெக்டர் ஆபீசுக்குப் போயிருந்தார். டேனரிக்குத் தடுப்பைப் பொருத்தக் கிளம்பிய அக்பர் பாய் வேனை வாசலில் நிறுத்திவிட்டு ஓடிவந்து, "என் காப்பி கிரீஸுல உயுந்து நாசமாப் பூச்சு மேடம், ஒண்ணு குடுங்க" என்றார். புதிதாக அச்சிட்டிருக்க வேண்டும். பிரிண்டர் சூடாக இரண்டு நிமிடம் ஆகும் என்று டிராயரில் மேலாகக் கிடந்ததை, எந்த எழுத்து என்று பார்க்காமலே எடுத்துக் கொடுத்தேன். அதில் என் பச்சை மை டிக் இருந்தது. சரிபார்க்கிறவர் கையால் வந்த தாளை யார் இரண்டாம் முறை பார்ப்பார்கள்?

அந்த டேனரியில் இந்தச் செவ்வாய்க்கிழமைதான் டிரம்மை ஓட்டிப் பார்க்கிறார்கள். அக்பர் பாய் அங்கேதான் இருந்தார். போன் செய்தேன், அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி செய்தேன். டிரம் ஓடும் இடத்தில் போன் சத்தம் கேட்காது என்று தெரியும், ஆனாலும் விடாமல் செய்தேன். தண்ணீர் குடிக்கப் போய் டம்ளரைக் கீழே போட்டேன். எத்தனை முறை அடித்தேன் என்று நினைவில்லை. கடைசியில் அவரே கூப்பிட்டார்.

"மேடம், பயந்துடாதீங்க. ஆளுக்கு ஒண்ணும் இல்ல" என்று ஆரம்பித்தார். அதைவிடப் பயமான வார்த்தை தமிழில் இருக்கிறதா என்று தெரியவில்லை. வெறும் தண்ணீர் ஊற்றி டிரம்மைச் சுழற்றியிருக்கிறார்கள். டேனரி ஆள் ஒருவர் தடுப்பில் சாய்ந்து எட்டிப் பார்த்திருக்கிறார். கதவுப் பிடி அவர் தோளில் கிடந்த துண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டது. கழுத்தில் சுற்றாமல் சும்மா போட்டிருந்ததால் துண்டு மட்டும் போயிற்று. "தடுப்பு இவ்ளோ கிட்ட இருக்குதேன்னு அப்பத்தான் பேப்பரைப் பார்த்தேன் மேடம். பி-ன்னு போட்டுக்கீது." அதோடு, "டிரம்மை நிறுத்திட்டோம்" என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க குடுத்த பேப்பர்தான்னு நான் யாருக்கும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். நீங்க கவலைப்படாதீங்க மேடம், போனவருக்கு இனிமே இன்னா ஆவப் போவுது?" அக்பர் பாய் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என் பதற்றம் அவருக்குத் தெரியும், எனக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதும் தெரியும்.

மதியம் முதலாளி கூப்பிட்டார். டேனரிக்காரர்கள் எழுத்தில் விளக்கம் கேட்டிருந்தார்கள். "பழைய காப்பியத் திருப்பி வாங்கறது ஏழுமலை பொறுப்புதானே? அவரு வாங்காம விட்டுட்டாருன்னு எழுதிடுங்க. பாவம், அவருக்கு இதனால ஒரு நஷ்டமும் இல்ல. வசந்தியம்மாவுக்குச் செய்யறதை நாம செஞ்சுடுவோம்" என்றார். அவருக்கு மூன்றாவது கையெழுத்து யாருடையது என்று தெரியாது. நான் "சரி சார்" என்று சொல்லிவிட்டு என் இடத்துக்கு வந்தேன். ஆமாம், சரி என்றுதான் சொன்னேன்.

அந்த டிராயிங்கைத் திறந்து டி என்ற புதிய வரிசையைச் சேர்த்தேன். தடுப்பை நகர்த்துவது, தேதி எல்லாம் அடித்தேன். காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது. கர்சர் அதில் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அவர் பெயரை அடித்தேன். அடித்தபின் நோட்டில் இருந்த பென்சில் புள்ளியைப் பார்த்தேன். சனிக்கிழமையே அவருக்குத் தெரிந்திருக்கிறது, வர வேண்டிய தாள் என்னுடையது என்று. அது என் டிராயரில் பத்திரமாகக் கிடக்கிறது என்றுதான் நினைத்திருப்பார்; டேனரிக்குப் போனது அவருக்குத் தெரியாது. 'உங்க பிரிண்ட்' என்று சொன்னால் நான் ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்துவிடுவேன் என்று 'ஒரு பிரிண்ட்' என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அந்த இடத்தில்தான் எனக்கு அழுகை வந்தது. சாவு வீட்டில் வராத அழுகை. கோபமும் வந்தது. அந்த ஒரு சனிக்கிழமை நீங்கள் என்னைப் பதற விட்டிருக்கக் கூடாதா ஏழுமலை?

அவர் பெயரை அழித்தேன். 'ரத்தான பி தாளைத் திருப்பித் தராமல் வைத்திருந்து வேலைக்குக் கொடுத்தது சரிபார்ப்பவரின் பிழை' என்று எழுதி, யார் என்ற கட்டத்தில் என் பெயரின் முதல் எழுத்துகளைப் போட்டேன். இரண்டு முறை தப்பாக அடித்துத் திருத்தினேன். அச்சிட்ட தாளை முதலாளியின் மேசையில் வைத்தபோது அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு, "நீங்க போய் ஒரு வாரம் வீட்ல இருங்க, கூப்பிடறேன்" என்றார். அந்த வாரம் முடிந்து இன்னொரு வாரமும் போய்க்கொண்டிருக்கிறது. பதினாறாம் நாளுக்கு நண்பர்கள் போடும் இந்த மலரை முதலாளியும் படிப்பார் என்று தெரிந்தே எழுதுகிறேன். வேலை இருக்குமா என்று எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது.

அன்றைக்கு மாலை வீட்டுக்குப் போவதற்கு முன் டி தாளை எடுத்துக்கொண்டு பேரணாம்பட்டு பஸ் ஏறினேன். தடுப்பை அறுத்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். துண்டை இழந்த மனிதர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். என்னால் குடிக்க முடியவில்லை. அக்பர் பாய் புதிய தாளுக்குக் கையை நீட்டினார். "பழசைக் குடுங்க முதல்ல" என்றேன். அவர் என்னை ஒரு முறை பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு, சட்டைப் பையில் நான்காக மடித்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் குடியாத்தத்தில் இறங்கி வசந்தியைப் பார்த்தேன். அன்றைக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னேனே, ஒன்று இருந்தது, அது என்னால் பாதியில் நின்றது, அவரால் இல்லை என்று முழுவதையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, உள்ளே போய் அவர் சட்டைகளிலிருந்து எடுத்து வைத்திருந்த பேனாக்களைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஏழு பேனா. எல்லாம் என்னுடையவை.

பேனாக்களை மகளுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன். எனக்கென்று அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த டப்பாவும் கத்தரியும்தான். வீட்டில் இருக்கச் சொன்ன அன்று முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தேன். மூன்றாவது தாளின் மூலையை வெட்டி மற்ற இரண்டோடு சேர்த்து, அவர் வெட்டி வைத்திருந்த அதே நூலால் கட்டினேன். தறிக்காரர் முடிச்சு எனக்கு வரவில்லை, நான்கு முறை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன்.

ஒரு பிரிண்ட் வரணும் என்றீர்கள். வந்துவிட்டது ஏழுமலை.